பத்து படாத தட்டு

அந்த ஃப்ரிட்ஜை ஓங்கி உதைக்கலாம்போல இருந்தது. நேற்று வைத்த குழம்பு நுரைத்துப் பொங்கியிருந்தது. குழம்பு போனால் போகிறது, பக்கத்தில் என் இன்சுலின் வெதுவெதுவென்று கிடந்தது. சின்ன வயதிலிருந்து ஊசியில் ஓடுகிற உடம்பு இது. மயிலாப்பூர் வெயிலில் மருந்து கெட்டால் நேரே ஆஸ்பத்திரிதான்.

குளிரளவுத் திருகியைக் கூட்டி வைத்தேன். கதவு ரப்பரைத் துடைத்தேன். பின்பக்கத் தூசியைத் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. கே.கே. நகரிலிருந்து வந்த மெக்கானிக் கதவைத் திறந்த வேகத்தில் மூடினான்.

"கேஸ் பூட்ச்சிக்கா. வேற இன்னா கீது இதுல?"

"மேல்தட்டுல பால் உறைஞ்சு கிடக்கு. கேஸ் இல்லாமயா உறையும்?"

அவன் செல்போனைப் பார்த்தான். போகச் சொல்லிவிட்டேன்.

பாலை வெளியே எடுத்தபோதுதான் விஷயம் புரிந்தது. எங்களோடு இருக்க வந்த மாமியார், சாப்பாட்டு மேசைக்கு விரிக்கும் பூப்போட்ட பிளாஸ்டிக் ஷீட்டை அளவாக வெட்டி மேல்தட்டு முழுக்கப் பரப்பியிருந்தார். ஃப்ரீசரின் குளிர் கீழே இறங்க ஒரு விரல் இடமில்லை. உருவி எறிந்தேன்.

"கீழ சாதம், குழம்புன்னு பத்து இருக்கு. பால் தயிர்ல பத்து படலாமோ?" என்றார் மாமியார். சமைத்த சோறும் குழம்பும் பட்டால் வரும் தீட்டுதான் அவர் சொல்லும் பத்து.

"உங்க பத்துல என் மருந்து கெட்டுப்போச்சும்மா. அது ஜில்லுன்னு இருக்கணும். இல்லேன்னா நான் செத்துப்போவேன்."

அப்படித்தான் கத்தினேன், வருத்தமில்லை. அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. சாயங்காலம் புது மருந்து வாங்கி நடுத்தட்டில் வைத்தேன். ஃப்ரிட்ஜும் ஒழுங்காகக் குளிர்ந்தது.

காலையில் ஊசி போடப் போனால் மருந்தைக் காணோம்.

"தேடாதே. ஜில்லுன்னு இருக்கணும்னு சொன்னியே, ஃப்ரீசர்ல வெச்சிருக்கேன்" என்றார் மாமியார்.

ஐஸ் தட்டுக்கு அடியிலிருந்து எடுத்தேன். கல்லாக உறைந்திருந்தது. உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான் போகும். வேண்டுமென்றே செய்தாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு துளி விஷமம் இல்லை. பாராட்டுவேன் என்று காத்துக்கொண்டிருந்தார். அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.