தான்றி மரமும் ஒரு மெமோவும்

தொண்ணூறுகளின் நடுவில், திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். என் மேஜைக்கு எதிர் ஜன்னலில் ஒரு பெரிய மரம் தெரியும். சாம்பல் நிற அடிமரம், கிளை நுனியில் மட்டும் கொத்துக் கொத்தாக இலை. துளிர்க்கும்போது, புளி போட்டுத் தேய்த்த செம்புப் பாத்திரம் மாதிரி ஒரு பளபளப்பு. பூத்தால்தான் கஷ்டம். நாற்றம் தாங்காமல் ஜன்னலைச் சாத்திவிடுவோம். ஆனாலும் அந்த மரத்தின் மேல் எனக்குப் பிரியம்.

ஒரு ஜனவரியில், வெளியூரிலிருந்து ஆய்வுக் குழு வரப்போவதாகத் தகவல் வந்தது. தாவரவியல் துறைத் தலைவர் வளாகத்து மரங்களின் பட்டியலைக் கையால் எழுதி என்னிடம் அனுப்பினார். நான் டைப் செய்து கொடுத்தால், அதன்படி ஒவ்வொரு மரத்திலும் பெயர்ப் பலகை அடிப்பார்கள். 'அலுவலக ஜன்னலருகே: பாதாம்' என்ற வரி வந்ததும் என் விரல் நின்றுவிட்டது.

பாதாம் மரம் எனக்குத் தெரியும். கரமனையில் நான் தினமும் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் ஒன்று உண்டு. கிளைகள் அடுக்கடுக்காகக் குடை விரித்திருக்கும். இலை உதிர்வதற்கு முன் நன்றாகச் சிவந்துபோகும். காய் தட்டை. எங்கள் மரத்தின் காயோ உருண்டை, மேலே வெல்வெட் மாதிரி மெல்லிய ரோமம். இலைக்காம்பு விரல் நீளம். நாலு காய் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அம்மா பார்த்த உடனே சொல்லிவிட்டாள். "இது தான்றிக்காயாச்சேடி! திரிபலா சூரணத்துக்குப் போடறது. இதைப் போய் யாரு பாதாம்னா?"

மறுநாள் இரண்டு மரத்தின் இலையையும் காயையும் எடுத்துக்கொண்டு துறைத் தலைவர் அறைக்குப் போனேன். அவர் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"டைப்பிஸ்ட் டைப் அடிச்சால் மதி. பாட்டனி நோக்கான் ஞங்ஙளுண்டு" என்றார்.

நான் டைப் அடித்தால் போதுமாம். தாவரவியலைப் பார்க்க அவர்கள் இருக்கிறார்களாம். அந்தப் பட்டியல் எப்போதோ தயாரித்த பழைய பட்டியலின் நகல் என்று அட்டெண்டர் பிறகு சொன்னார். ஜன்னல் பக்கம் முன்பு ஒரு பாதாம் நின்றதாம், காற்றில் விழுந்துவிட்டதாம். துறைத் தலைவரின் அறையிலிருந்து எங்கள் மரத்துக்கு இருபது அடி தூரம் இருக்காது. அந்த இருபது அடி நடக்க மனமில்லாதவர், நடந்து பார்த்து வந்தவளை வாயை மூடச் சொன்னார். இருந்தும் அவர் எழுதியபடியே அடித்துக் கொடுத்தேன். பலகையும் ஏறியது.

பிப்ரவரியில் குழு வந்தது. அதில் ஒரு வயதான அம்மாள், மொட்டையாக நின்ற மரத்தடியில் குனிந்து ஒரு காயை எடுத்தார். பலகையைப் பார்த்தார். காயைப் பார்த்தார். "இதற்குப் பாதாம் என்று பெயர் வைத்தது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

துறைத் தலைவர் துளியும் தயங்கவில்லை. "டைப்பிங் மிஸ்டேக், மேடம்" என்றார். ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாளில் எனக்கு மெமோ வந்தது. கவனக்குறைவால் கல்லூரிக்கு அவப்பெயர் ஏற்படுத்தியதற்கு விளக்கம் தரவேண்டும். ஒரு வருத்தக் கடிதம் எழுதிக் கொடுத்தால் முடிந்துவிடும் என்று சூப்பிரண்டு சொன்னார். எழுதமாட்டேன் என்றேன். கோப்பிலிருந்து துறைத் தலைவரின் கையெழுத்துப் பிரதியை எடுத்துப் போய் பிரின்சிபாலிடம் காட்டினேன்.

அவர் அந்த வரியைப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "சாருக்கு ரிட்டயர்மென்ட் ஆகப்போறது. இதை விட்டுக்களயணம்" என்றார். துறைத் தலைவர் ஓய்வு பெறப்போகிறாராம், அதனால் நான் இதை விட்டுவிட வேண்டுமாம்.

"அப்போ மெமோவை வாபஸ் வாங்கிண்டதா எழுதிக் கொடுங்கோ, சார்."

"மேல்நடவடிக்கை இல்லைன்னு எழுதறேன், போராதா?"

போராதுதான். மேல்நடவடிக்கை இல்லை என்றால், தப்பு செய்தாள், மன்னித்துவிட்டோம் என்று அர்த்தம். அதையேதான் எழுதினார். வாபஸ் கேட்டு மூன்று மனு கொடுத்தேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. பலகையை மட்டும் மாற்றினார்கள். கல்லூரி ஆண்டு மலரில், அபூர்வமான ஒரு தான்றியைத் தாவரவியல் துறை அடையாளம் கண்டதாக அரைப் பக்கக் கட்டுரை வந்தது. அபூர்வமாம்! அலுவலகத்தில் என்னைத் 'தான்றி மாமி' என்று கூப்பிட்டுச் சிரித்தவர்களே அதைப் படித்துத் தலையாட்டினார்கள்.

அதற்கப்புறம் மதியச் சாப்பாட்டு வேளைகளில் வளாகம் முழுக்க நடக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு மரமாகப் பார்த்தேன். நூலகத்தில் புத்தகம் எடுத்து இலையோடு ஒத்துப் பார்த்தேன். இன்னும் நாலு பலகை தப்பு. நெடுநெடுவென்று நின்ற நெட்டிலிங்கத்துக்கு அசோகம் என்று பெயர். நிஜ அசோகம் விடுதி மதிலோரம் ஆரஞ்சுப் பூவோடு நின்றது, அதற்குப் பலகையே இல்லை.

நாலையும் ஒரு தாளில் டைப் அடித்தேன். எந்த மரம், எந்த இடம், என்ன தப்பு, எப்படித் தெரியும், எல்லாம். கீழே என் பெயரும், 'டைப்பிஸ்ட்' என்று பதவியும். நோட்டீஸ் போர்டில் நானே ஒட்டினேன். சாயங்காலத்துக்குள் கிழித்துவிட்டார்கள். மறுநாள் வேறொன்று ஒட்டினேன். அதையும் கிழித்தார்கள். கார்பன் வைத்து ஆறு பிரதி எடுத்திருந்தேன்.

நாலாவது பிரதியின் முன்னால் இரண்டு மாணவிகள் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். கிழிக்க வந்த அட்டெண்டர், அவர்கள் எழுதி முடிக்கிறவரை கையைக் கட்டிக்கொண்டு காத்து நின்றார்.