நவுந்துக்கோ கணக்கு

"உங்க வீட்டுல பேனா புடிச்ச முதல் ஆளே நீதான். நீ வந்து எனக்குக் கணக்கு சொல்லித்தர்றியா?" சேலையூரில் நான் முதன்முதலாக வேலை பார்த்த சின்னப் பள்ளியின் தலைமை ஆசிரியை, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துக்கொண்டே இப்படிக் கேட்டார். நான் இடம் மாற்றி இழுத்துப் போட்டிருந்த ஒரு பெஞ்சின் மேல் அவர் கை இருந்தது. அவர் சொன்னதில் பொய்யில்லை. அம்மா, பள்ளி இருந்த அதே கேம்ப் ரோட்டில் எழும்பிய வீடுகளுக்குச் செங்கல் சுமந்த சித்தாள். அதைச் சொல்ல நான் ஒருநாளும் கூசியதில்லை. ஆனாலும் அன்று பிள்ளைகளைப் பார்க்காமல் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பினேன்.

தலைமை ஆசிரியைக்குக் கூட்டல் என்றால் வாய்ப்பாடு. பிள்ளைகள் ஒரே குரலில் பாட வேண்டும். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. நடுவிலிருந்து ஒன்றைக் கேட்டால் மட்டும் அத்தனை கைகளும் பெஞ்சுக்கு அடியில் போய்விடும். வளையல் கடைக்காரர் மகள் ஒருத்தி இருந்தாள். ஒன்பதோடு ஆறைக் கூட்டச் சொன்னால், ஒன்பதையே முதல் விரலாக மடக்கி, ஆறாவது விரலில் நின்றுவிடுவாள். பதினாலு என்பாள். தப்பென்று சொன்னால் மறுபடியும் எண்ணி, மறுபடியும் பதினாலு என்பாள், கண் கலங்க.

வழி எனக்கு ரயிலில் கிடைத்தது. கூடுவாஞ்சேரியிலிருந்து தினமும் மின்சார ரயிலில் தாம்பரம் வருவேன். ஒரு நாள் பூக்கூடைக்கார அக்கா, ஓரத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "கொஞ்சம் நவுந்துக்கோம்மா, இன்னா உன் வூட்டையா எழுதிக் கேட்டேன்?" என்றார். பெட்டியே சிரித்தது. அந்தப் பெண் நகர்ந்தாள், இடம் நிரம்பியது. எனக்கு அந்தப் பிள்ளையின் ஒன்பது நினைவுக்கு வந்தது.

எங்கள் பள்ளியில் ஒரு பெஞ்சுக்கு ஐந்து பேர். இரண்டைச் சேர்த்துப் போட்டால் பத்து இடம். முன்வரிசையில் ஒன்பது பேரையும் பின்வரிசையில் ஆறு பேரையும் உட்கார வைத்தேன். முன்னால் ஓர் இடம் காலி. பின்னாலிருந்து ஒருத்தி ஓடி வந்து உட்கார்ந்தாள். பத்து, பின்னால் மிச்சம் ஐந்து. பிள்ளைகளே அதற்கு 'நவுந்துக்கோ கணக்கு' என்று பெயர் வைத்தார்கள். சில நாளில் யாரும் எழுந்து ஓடாமலேயே, மனசுக்குள் ஒருத்தியை நகர்த்தப் பழகினார்கள்.

இந்தக் கூச்சல்தான் அன்று தலைமை ஆசிரியையை, பிள்ளைகளின் பெரிய மிஸ்ஸை, அங்கே வரவழைத்தது. "பொங்கல் லீவுக்கு முன்னாடி நானே கேட்பேன். சொல்லலேன்னா இந்த கிளாஸ் உனக்கு இல்ல" என்றும் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒன்று வந்தது என்னால்தான்.

அந்த நாள் வந்தது. அவர் விரல் நேராக வளையல் கடைக்காரர் மகளைத்தான் காட்டியது. "ஒன்பதும் ஆறும்?"

அவள் எழுந்தாள். கை இரண்டும் வெளியே, சும்மா தொங்கின. உதடு மட்டும் அசைந்தது. பதினாலு என்று மட்டும் சொல்லிவிடாதே கண்ணே என்று நான் முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

"பத்தும் அஞ்சும், மிஸ்."

"விடை கேட்டா இன்னொரு கணக்கைக் குடுக்குது பாரு!" பெரிய மிஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார். விடையை முழுசாகச் சொல்ல நான் பழக்கவேயில்லையோ?

அவளுக்கோ ஒன்றும் புரியவில்லை. "அதான் சொல்ட்டேனே மிஸ். பதினஞ்சுன்னா பத்தும் அஞ்சும்தானே?"

பெரிய மிஸ்ஸின் சிரிப்பு நின்றது. "எட்டும் ஏழும்?"

"ரெண்டு பேர் நவுந்துக்கினா..." அவள் காலிப் பெஞ்சைப் பார்த்தாள். "அய்ய, திரும்பவும் பதினஞ்சே வருது!"

அவர் பாராட்டவில்லை. "சத்தம் மட்டும் வெளிய வரக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். வகுப்பு என்னிடமே இருந்தது.

இப்போது ஊரப்பாக்கத்தில் வேறொரு பள்ளி. சேர்ந்த அன்றே இங்குள்ள தலைமை ஆசிரியர், "பெஞ்சையெல்லாம் இழுத்துப் போடுவீங்களாமே, இங்க அது வேணாம்மா" என்றார். இன்று காலை, மணி அடிக்கும் முன்பே வந்து, இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுவிட்டேன். முன்வரிசையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது.