மனைவியின் கைகளும் மற்றவர்களின் தலைகளும்

பொறாமை என்பது அடுத்தவனின் காணியையோ, கல்வீட்டையோ, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளையோ பார்த்து வருவது என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு அது ஒரு டீச்சரின் தலையைப் பார்த்து வந்தது.

டீச்சர் யாழ்ப்பாணத்தவர். ஸ்கந்தபுரத்துக்கு மாற்றம் கிடைத்து வந்து, எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளித் தனியாக வாடகைக்கு இருந்தார். நாற்பது வயது இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தலையிடி தாங்கமுடியாமல் எங்கள் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். என் மனைவி அவரை உள்ளே கூட்டிவந்து விறாந்தையில் கதிரை போட்டு இருத்தி, தண்ணீர் கொடுத்து, தலையைக் கொஞ்சம் பிடித்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாள்.

நான் வயலிலிருந்து வந்து சைக்கிளை நிறுத்தியபோது டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். மனைவி பின்னால் நின்று, இரண்டு கைகளின் விரல்களையும் அவருடைய தலைமுடிக்குள் விட்டு, பிடரியிலிருந்து உச்சிக்கு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தாள். நகம் படாமல், விரல் நுனியின் சதையால் மட்டும். உச்சிக்கு வந்ததும் கொஞ்சநேரம் அழுத்திப் பிடித்தாள். பிறகு நெற்றிப்பொட்டு, பிறகு காதுமடல், பிறகு கழுத்து நரம்பு. டீச்சரின் தோள்கள் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே இறங்கின. யாரோ அவருடைய கழுத்திலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதின்மூன்று வருடம். அந்தக் கைகள் என் தலையை ஒருநாளும் அப்படித் தொட்டதில்லை. அதுவரை அது ஒரு குறையாகவே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த வெள்ளியும் டீச்சர் வந்தார். அதற்கடுத்த வெள்ளியும். வெள்ளிக்கிழமை பெண்கள் எண்ணெய் வைத்து முழுகும் நாள் என்பதால் அது இயல்பாகவே ஒரு வழக்கமாகிப்போனது. மனைவி தேங்காயெண்ணெயில் செவ்வரத்தம்பூவும் கரிசலாங்கண்ணியும் கொஞ்சம் வெந்தயமும் போட்டுக் காய்ச்சி ஒரு போத்தலில் வைத்திருப்பாள். டீச்சர் படலையைத் திறக்கும் சத்தம் கேட்டதும் ஒரு கிண்ணத்தில் ஊற்றி, குசினி அடுப்பின் தணலில் இளஞ்சூடாக்கிக் கொண்டுவருவாள். நான் ஒரு தேத்தண்ணி கேட்டால் ‘பொறுங்கோப்பா’ என்பவள், அந்த எண்ணெயைச் சூடாக்க மட்டும் பொறுப்பதேயில்லை.

அதைவிட என்னைக் குடைந்தது கதை. என்னோடு அவளுக்கு இருந்த கதையெல்லாம் சோறு போடட்டுமா, மோட்டரை நிப்பாட்டினீங்களா, மகளுக்குக் கொப்பி வாங்கினீங்களா என்ற அளவில்தான். டீச்சரின் தலையில் கை வைத்ததும் அவளுடைய குரலே மாறிவிடும். தணிந்த குரலில் எதையோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். இடையில் இருவரும் சிரிப்பார்கள். நான் உள்ளே கட்டிலில் படுத்துக்கொண்டு காதைத் தீட்டுவேன். சொற்கள் விளங்காது. சிரிப்பு மட்டும் விளங்கும்.

ஒரு மாதம் போன பிறகு மனைவி டீச்சரிடம், இது தன் கையால் மாறுகிற தலையிடி இல்லை, கண்ணைக் காட்டுங்கள் என்று சொன்னாள். டீச்சர் வவுனியாவுக்குப் போய்க் கண் சோதித்துக் கண்ணாடியோடு வந்தார். தலையிடி முற்றாக நின்றுவிட்டது. எனக்கு உள்ளுக்குள் பெரிய சந்தோசம். இனி வெள்ளிக்கிழமைகளில் கதிரை வெறுமையாக இருக்கும் என்று நினைத்தேன். அந்த வெள்ளி டீச்சர் வந்தார். கண்ணாடியைக் கழற்றி, மடித்து, யன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார்.

கேள்விப்பட்டு மற்றப் பெண்களும் வரத் தொடங்கினார்கள். தையல்மெசினுக்கு முன்னால் குனிந்து குனிந்து கழுத்துப் பிடித்த ஒருத்தி, இரவில் நித்திரை வராத ஒருத்தி, பிள்ளை பெற்று முடி கொட்டுகிற ஒருத்தி. எல்லோருக்கும் அவள் செய்யவில்லை. காய்ச்சல் என்றால் மாட்டாள். தலையில் புண் என்றால் மாட்டாள். பிரசர் கூடியவர்களை முதலில் கிளினிக்குக்குப் போய்வரச் சொல்வாள். நித்திரை வராதவள் இரண்டாம் கிழமை வந்து, நேற்று விடியும்வரை அசையாமல் கிடந்தேன் என்று சொன்னபோது மனைவியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நான் ஏக்கருக்கு எத்தனை மூட்டை கூடுதலாக எடுத்தாலும் அந்த வெளிச்சம் வந்ததில்லை.

நானும் சாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தேன். ஒருநாள் வரம்பில் மண் வெட்டிவிட்டு வந்து, எனக்கும் கழுத்துப் பிடித்திருக்கிறது என்று அவளுக்குக் கேட்கும்படி சொன்னேன். அவள் அலுமாரியைத் திறந்து தைலப் போத்தலை எடுத்து எனக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய தமையன் பிரான்சிலிருந்து வந்தார். பத்து வருடத்துக்குப் பிறகு வந்த மனிதர். நல்லவர். எனக்கு ஒரு கைக்கடிகாரமும் மகளுக்குச் சப்பாத்தும் கொண்டுவந்தார். வந்த மூன்றாம் நாள், சனிக்கிழமை மத்தியானம், நான் நெல் வெட்டும் மெசினுக்காக வெயிலில் காத்திருந்து, அது வராமல் வீட்டுக்குத் திரும்பினேன். விறாந்தையில் மச்சான் இருந்தார். அதே கதிரை. அதே கிண்ணம். தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்தபடி நல்ல நித்திரை. மனைவி அவருடைய நரைத்த தலையை உள்ளங்கைகளுக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணன் வெளிநாட்டில் பட்ட பாடெல்லாம் அந்தத் தலைக்குள் இருந்து தன் கைக்கு வருகிறது என்பது போல அவளுடைய கண் கலங்கியிருந்தது.

அது அண்ணன் தங்கை விசயம். எனக்கு அது தெரியும். தெரிந்தும், நான் நேராகப் போய், விறாந்தைக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு சில்லு ட்ரக்டரை ஸ்டார்ட் பண்ணினேன். அன்றைக்கு அதற்கு ஒரு வேலையும் இல்லை.

மச்சான் பதறி எழும்பினார். தலையில் கை வைத்துக் குனிந்து, எங்கே என்று தெரியாமல் இரண்டடி ஓடிவிட்டார். வன்னியில் போருக்குள் வளர்ந்தவருக்கு அந்த வகைச் சத்தம் நித்திரையில் என்னவாகக் கேட்டிருக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கதிரை சரிந்து கிடந்தது. மனைவி என்னைப் பார்த்தாள். நான் ட்ரக்டரை நிப்பாட்டிவிட்டு, எஞ்சினைச் சோதித்தேன் என்று பொய் சொன்னேன்.

மச்சான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இரண்டு கிழமை நின்றுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். மனைவிதான் என்னோடு சொற்களை எண்ணி அளந்து கதைக்கத் தொடங்கினாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். என் வலது காதுக்கு மேலே, முடிக்குள், ஒரு மிளகளவில் ஷெல் துண்டு இருக்கிறது. எலும்புக்கு வெளியே, தோலுக்குக் கீழே. அந்தக் காலத்து டொக்டர், கிளறாமல் விட்டால் அது தன்பாட்டில் கிடக்கும் என்றார். எங்கள் பக்கத்தில் உடம்பில் இரும்பு இல்லாதவர்களை எண்ணுவதுதான் சுலபம். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் கல்யாணம் பேசும்போது நான் ஒளித்தேன். காலில், முதுகில் என்றால் பரவாயில்லை, தலையில் துண்டோடு இருக்கும் மாப்பிள்ளை என்றால் பெண் வீட்டார் பின்வாங்குவார்கள் என்று பயம். பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு பிள்ளை பிறந்தது, வீடு கட்டினோம், சொல்லாமல் விட்டதே பழகிவிட்டது. ஊரில் எனக்கு முடி வெட்டுகிறவருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

மச்சான் திரும்பிப் போன அதே கிழமை நான் கிளிநொச்சிக்கு உரம் எடுக்கப் போனேன். ரவுணில் புதிதாகத் திறந்த ஒரு சலூனில், கண்ணாடியில் தலை மசாஜ் என்று எழுதியிருந்தது. நான் ஏன் அவளிடம் கெஞ்ச வேண்டும் என்ற வீறாப்பில் உள்ளே போய் இருந்தேன். அங்கே வேலை செய்த கொஞ்சம் வயதான ஒருவர், புறங்கையில் ஒரு மெசினைக் கட்டிக்கொண்டு வந்தார். சுவிச்சைப் போட்டதும் அவருடைய விரல்களெல்லாம் நடுங்கின. முதலில் நன்றாகத்தான் இருந்தது. காதுக்கு மேலே வந்தபோது, நான் சொல்ல வாய் திறப்பதற்கு முன்னால், அந்த நடுக்கத்தோடு அழுத்திவிட்டார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கதிரையில் சவரம் செய்துகொண்டிருந்தவர் கத்தியை எடுத்துவிட்டார். பாவம், அந்த மனிதர் என்னிடம் மூன்று தரம் மன்னிப்புக் கேட்டார். பிழை அவருடையது இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வரும்போது அந்த இடம் வீங்கி, காது சிவந்திருந்தது. மனைவி குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டாள். கிட்ட வந்து முடியை விலக்கினாள். முதல்முறையாக அவளுடைய விரல் அங்கே பட்டது.

“இது என்ன?” என்று கேட்டாள்.

சொன்னேன். ஒளித்ததையும், ஏன் ஒளித்தேன் என்பதையும், சலூனுக்குப் போனதையும், டீச்சரையும் மச்சானையும் பார்த்து எரிந்ததையும் எல்லாம் சேர்த்துச் சொன்னேன். அவள் கையை எடுத்துவிட்டு நின்று கேட்டாள்.

“கல்யாணம் முடிச்ச புதுசில தகரக் கொட்டிலில இருக்கேக்க, முதல் தீபாவளிக்கு உங்களுக்கு எண்ணெய் வைக்க வந்தனான். நினைவிருக்கோ?”

எனக்கு நினைவில்லை.

“என்ர கையைத் தட்டிவிட்டனீங்கள். கிண்ணம் விழுந்து உருண்டது. தலையில கை வைக்காதை எண்டு சொன்னனீங்கள்.” தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். “என்ர கை உங்களுக்கு அருவருப்பு எண்டு பதின்மூண்டு வருசமா நினைச்சுக்கொண்டிருக்கிறன்.”

“நோகும் எண்ட பயத்தில தட்டியிருப்பன்,” என்றேன்.

“நோகும் எண்டு சொல்லியிருக்கலாந்தானே.”

இரண்டு நாள் அவள் என்னோடு கதைக்கவில்லை. வழக்கமான சோற்றுக் கதையும் இல்லை. அவளுக்கு அந்தக் கோபம் வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் காலையில் வெளிக்கிடச் சொன்னாள். இருவரும் பஸ் ஏறி வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்றே எடுத்தார்கள். துண்டு இருந்த இடத்தில்தான் இருக்கிறது, வீக்கம் வற்றிவிடும், அதன்மேல் அழுத்தக்கூடாது என்றார் டொக்டர். நான் எழும்பப் போனேன். மனைவி எழும்பவில்லை. மற்ற இடங்களில் எண்ணெய் வைத்துப் பிடித்துவிடலாமா, எவ்வளவு தள்ளிக் கை வைக்கவேண்டும் என்று கேட்டாள். வீக்கம் முற்றாக வற்றிய பிறகு செய்யலாம் என்று சொல்லிவிட்டு, டொக்டர் அவளை அருகில் கூப்பிட்டு அந்த இடத்தைச் சுற்றி ஒரு போத்தல் மூடியளவு வட்டத்தைத் தன் விரலால் காட்டினார். அவள் அதைத் தன் விரலாலும் ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டாள்.

இரண்டு கிழமை கழித்து, ஒரு சனிக்கிழமை விடியக்காலை, கதிரையில் நான் இருந்தேன். நல்லெண்ணெய் எனக்கு. உச்சியில் முதல் எண்ணெய் விழுந்ததும் உடம்பு கூசியது. அவளுடைய விரல்கள் பிடரியிலிருந்து ஏறின. நான் வெளியிலிருந்து பார்த்ததும் உள்ளே இருந்து அறிவதும் ஒன்றல்ல. கழுத்துக்குப் பின்னால், எலும்பு தொடங்குகிற இடத்தில் இரண்டு கட்டைவிரல்களாலும் அவள் அழுத்திப் பிடித்தபோது, பல்லை இறுக்கிக்கொண்டுதான் நான் எப்போதும் இருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியவந்தது. வாய் தானாகத் திறந்தது. வலது காதுக்கு மேலே வந்ததும் அவளுடைய விரல்கள் அந்த வட்டத்தைச் சுற்றிக்கொண்டு போயின. அன்றைக்கு அவள் ஒன்றும் கதைக்கவில்லை. என் தலையின் இடங்களை விரலால் படித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனிதான் கதைத்தாள். இதை எங்கே பழகினாள் என்று நான் கேட்டேன். பதின்மூன்று வருடத்தில் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு முன்பு வவுனியாவில் ஒரு சித்த மருந்தகத்தில் ஒன்றரை வருடம் வேலை செய்தாளாம். பெண்களின் பக்கத்தில் இவளையும் சேர்த்து மூன்று பேர். வாற தலைகளை மாறி மாறிப் பிடித்துத்தான் கை பழகியது என்றாள். அங்கே ஒரு பெரிய கொண்டைக்கார அம்மா கிழமைக்கொருமுறை வருவாராம். கொண்டையை மட்டும் அவிழ்க்கவே விடமாட்டாராம். ஒருநாள் இவள் கெஞ்சிக் கூத்தாடி அவிழ்த்தபோது, உள்ளே... அந்த இடத்தில் நான் நித்திரையாகிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை உள்ளே படுத்திருந்தபோது விறாந்தையில் டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். கொண்டை என்ற சொல் மட்டும் எனக்குக் கேட்டது. டீச்சர் போனதும் மனைவியிடம் போய், கொண்டைக்குள் என்ன இருந்தது என்று கேட்டேன்.

“நித்திரை கொண்டனீங்களெல்லோ,” என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டாள்.

அடுத்த நாள் இரண்டு தேத்தண்ணி குடித்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். அவள் எண்ணெயை உச்சியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். கொண்டைக்குள் அலுமாரித் திறப்பு இருந்ததாம். மாமியார் எடுத்துத் தின்றுவிடுவார் என்று பனங்கட்டியை அலுமாரியில் பூட்டிவைத்து, திறப்பைக் கொண்டைக்குள் செருகிக்கொண்டு திரிந்திருக்கிறார் அந்த அம்மா. நானும் நன்றாகச் சிரித்தேன். ஆனாலும் அந்தக் கதையின் முடிவு டீச்சருக்குக் கிடைத்த பிறகுதான் எனக்குக் கிடைத்தது என்பது இன்றைக்கும் கொஞ்சம் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.