கத்தரிக்கோல் பிடித்த கை

தெருவில் அவளுக்குப் பெயர் 'செஃப் சம்சாரம்'. பெரிய ஓட்டலில் சமையல் செய்பவனைக் கட்டிக்கொண்டதால் கிடைத்த பட்டம் அது.

"உனக்கென்ன, தினமும் விருந்துதான்" என்பாள் மாடி வீட்டுக்காரி.

"விருந்து ஊருக்குத்தான்க்கா. வீட்டுக்கு வர்றது வேர்வை நாத்தமும் அழுக்குத் துணியும்தான்" என்று இவள் சிரிப்பாள்.

வீட்டில் சமைப்பவள் அவள்தான். கணவன் காலையில் போவான். மதியக் கூட்டம் ஓய்ந்ததும் சமையலறையைச் சாத்துவார்கள், வீட்டுக்கு வருவான். மாலையில் மறுபடி போனால் மகள் உறங்கிய பிறகுதான் திரும்புவான். அந்த நடுப்பகல் இடைவெளிக்குள்தான் அவர்களுடைய குடும்பம் நடந்தது. சண்டை, சமாதானம், மகளின் மதிப்பெண் அட்டையில் கையெழுத்து எல்லாமே அதற்குள்தான். மிச்ச நேரத்தில் அவன் தூங்கினான்.

அவளுக்கும் ஒரு தொழில் இருந்தது. பள்ளிச் சீருடை தைக்கும் கூடம் ஒன்றில் வேலை. அங்கே மிஷினில் உட்கார்ந்து தைப்பவர்கள் பெண்கள், மேசையருகே நின்று துணி வெட்டுபவர் ஆண். இந்தச் சட்டத்தை எழுதியது யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மீறினால் மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பழைய கட்டிங் மாஸ்டர் குடித்துவிட்டு வராத நாட்களில் எல்லாம் துணியை அடுக்கி, சாக்கட்டியால் கோடு போட்டு வெட்டியவள் இவள்தான். அவர் ஒரேயடியாக நின்றபோது முதலாளியம்மா ஊர் வழக்கத்தைப் பார்க்கவில்லை, வீணான துணியைப் பார்த்தாள். இவள் வெட்டினால் கழிவுத் துண்டு குறைவாக விழுந்தது.

"அடுத்த மாசத்துல இருந்து மேசை உன்னோடதும்மா. பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள எல்லாத்தையும் வெட்டி முடிக்கணும்."

செய்தியைக் கேட்டதும் கணவன் படுத்திருந்த பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப நானும் மாஸ்டர், நீயும் மாஸ்டரா?"

"வீட்டுல ரெண்டு மாஸ்டர் இருந்தா எடுபிடி யாருங்க?"

"எங்கம்மாவைக் கேட்டுப் பாரு."

"கேப்பீங்கடா, கேப்பீங்க" என்றாள் மாமியார், தட்டில் இருந்து கண் எடுக்காமல். "ஆம்பளை நின்ன இடத்துல பொம்பளை போய் நிக்கறது நல்லதுக்கில்ல, சொல்லிட்டேன்."

அந்த நேரத்தில்தான் ஓட்டலில் சிக்கனம் என்று சொல்லிச் சமையலறை ஆட்களில் சிலரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுப்புகளின் எண்ணிக்கை குறையவில்லை. மிஞ்சியவர்கள் ஆளுக்கு இரண்டு பேர் வேலையைச் செய்தார்கள். அவன் வீட்டுக்கு நடைப்பிணமாக வந்தான். சட்டையின் ஒரு கையைக் கழற்றிவிட்டு மறு கையோடு அப்படியே தூங்கிப்போன நாட்கள் உண்டு.

அந்த நிலையிலும் அவளுக்கு ஏதாவது செய்ய ஆசைப்பட்டான். அவள் தையல் கூடத்தில் இருந்த ஒரு மதியம், தூக்கத்தை விட்டுவிட்டு கோழியும் உருளைக்கிழங்கும் வாங்கி வந்தான். நீண்ட கைப்பிடி வைத்த இரும்புச் சட்டியில் எல்லாவற்றையும் அடுக்கி, தவணையில் வாங்கிய சின்ன ஓவனில் வேகவைத்தான். வெந்ததும் வெளியே எடுத்து, கோழியைத் தட்டுக்கு மாற்றி மூடினான். காலிச் சட்டியைக் கழுவும் தொட்டி ஓரமாக வைத்து, அதன் கைப்பிடி மேல் ஒரு சிட்டிகை மாவைத் தூவினான். பிறகு நாற்காலியில் சாய்ந்தான். கண் சொருகிவிட்டது.

ஓட்டல் சமையலறையில் கைப்பிடி மேல் மாவு இருந்தால் ஒரே அர்த்தம்தான்: இப்போதுதான் ஓவனிலிருந்து வந்தது, தொடாதே. அங்கே தட்டுக் கழுவுபவர்கூட அதைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொள்வார். வாயால் சொல்ல நேரமில்லாத இடத்தில் மாவுதான் பேசும். தூக்கம் அழுத்தும்போது மனிதனின் கை பழகியதைத்தான் செய்யும். அவன் கையும் அதைத்தான் செய்தது. தான் நிற்பது எந்தச் சமையலறை என்பது அதற்குத் தெரியவில்லை.

அவள் வந்தாள். மூடியைத் திறந்து பார்த்தாள், நாற்காலியில் தூங்குபவனைப் பார்த்தாள். 'சமைச்சவர் இந்த மாவைக் கொட்டாம இருந்திருக்கலாம்' என்று முணுமுணுத்துக்கொண்டே, சட்டியைக் கழுவ எடுப்பதற்காக வலது கையால் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள்.

உள்ளங்கைத் தோல் இரும்போடு போய்விட்டது. அலறல் கேட்டு எழுந்தவன் சட்டியைப் பார்த்தான், அவள் கையைப் பார்த்தான். "மாவு போட்டிருந்தேனே" என்பதுதான் அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை.

"கண்ணு பட்டிருச்சு" என்று மாமியார் தீர்ப்புச் சொன்னாள். "நான் அன்னைக்கே சொன்னேன்ல."

எவர் கண்ணும் இரும்பைச் சூடேற்றாது. சூடேற்றியது ஓவன். ஒரு மனிதன் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் உறங்கிப்போகும் அளவுக்கு அவனைப் பிழிந்தெடுத்தது அவன் ஓட்டல். விதியின் மேல் பழியைப் போடுவதில் உள்ள வசதி, அதன்பின் எந்த முதலாளியின் கதவையும் தட்ட வேண்டியதில்லை என்பதுதான்.

டாக்டர் கட்டு மாற்றும்போது தெளிவாகச் சொன்னார்.

"புண்ணு ஆறும். ஆனா ஆறும்போது தோல் சுருங்கி விரலை உள்ள இழுக்கும். தினமும் விரலைப் பின்னால வளைச்சு நீட்டிவிடணும். உயிர் போற மாதிரி வலிக்கும், கத்துவீங்க. கத்தினாலும் விடாம நீட்டணும். யாரு செய்வீங்க?"

"நான் செய்யறேன்" என்றான் கணவன்.

முதலாளியம்மாவும் நியாயமாகத்தான் நடந்துகொண்டாள். "சீருடை வேலை உச்சத்துக்கு வர்ற வரைக்கும் வேற ஆளை வச்சு ஓட்டறேன். அதுக்குள்ள கத்தரிக்கோலைப் பிடிச்சுக் காட்டு."

மதிய இடைவெளியில் தூங்குவதை அவன் விட்டான். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக நீட்டினான். சூட்டில் காய்த்துப்போன அவன் கைகளுக்கு இரக்கம் காட்டாமல் இருக்கத் தெரிந்திருந்தது.

"பாவி மனுஷா, விடுய்யா!"

"இன்னும் கத்து. எங்க கிச்சன்ல இதைவிடப் பெரிய சத்தத்தையே கேட்டவன் நான்."

விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக இணங்கின. சுட்டுவிரலும் நடுவிரலும் ஏறக்குறைய நிமிர்ந்தன. அப்போது ஓட்டலில் புது உத்தரவு வந்தது: இனி மதியம் சமையலறையைச் சாத்துவதில்லை, நாள் முழுக்க வியாபாரம்.

அவன் மேனேஜரிடம் போய் தினமும் மதியம் ஒரு மணி நேரம் விடுப்புக் கேட்டான். மேனேஜர் அவன் கைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெந்தது உன் கையா?" என்றார்.

அதைக் கேட்டு அவள் தானே கிளம்பிப் போனாள். ஓட்டலின் பின்வாசலில், காய்கறிக் கூடைகளுக்கு நடுவே நின்று மேனேஜரிடம் கையை நீட்டினாள்.

"சார், நான் இனாம் கேக்கல. இவரைத் தினமும் ஒரு மணி நேரம் விடுங்க. இந்த மாசம் மட்டும்."

"ஏம்மா, இது எங்க ஓட்டல் அடுப்புல பட்ட காயமா?"

"என் வீட்டு அடுப்புதான். ஆனா அவர் சொல்லாம தூங்கிப்போனாரே, அந்தத் தூக்கம் உங்க ஓட்டல்ல தொலைஞ்சது சார். நீங்க எடுத்துக்கிட்டது."

"பொண்டாட்டியை அனுப்பி நியாயம் பேச வைக்கறியா?" என்று மேனேஜர் அவளுக்குப் பின்னால் பார்த்துக் கேட்டார். கணவன் கரண்டியோடு அங்கே வந்து நின்றிருந்தான். வெளியே அனுப்பப்பட்டவர்கள் இன்னும் வேலை தேடிக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியும். வீட்டு வாடகையும் மகளின் படிப்பும் அவன் நாக்கின் மேல் உட்கார்ந்திருந்தன. அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு கூடைகளைத் தாண்டி வெளியே நடந்தாள்.

மகள் முயன்றாள். அம்மா முனகியதும் கையை விட்டுவிட்டு அழுதாள். "நான் மாட்டேம்மா, நீ அழற." மாமியார்கூட ஒருநாள் பேசாமல் வந்து உட்கார்ந்து விரலைப் பிடித்தாள். அழுத்தி நீட்டக் கிழவிக்குப் பலம் போதவில்லை. இரவு திரும்பிய கணவன் விரலைப் பிடித்தபடியே தூங்கி விழுந்தான். அவளும் மேசைக் காலில் விரலைக் கொடுத்து அழுத்திப் பார்த்தாள். தன்னைத் தானே அவ்வளவு வதைக்க யாராலும் முடியாது. தோல் சுருங்கிச் சுருங்கி விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டது.

சீருடை வேலை உச்சத்தில் இருந்த நாளில் கூடத்துக்குப் போனாள். முதலாளியம்மா பெரிய கத்தரிக்கோலை மேசை மேல் வைத்தாள். வளையத்துக்குள் கட்டைவிரல் போனது. மற்ற விரல்கள் போகவில்லை. தையல்காரிகள் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இடது கையால் வலது கையைப் பிடித்து உள்ளே தள்ளினாள். கத்தரிக்கோல் வாய் திறந்தது, மூடவில்லை.

"போதும்மா" என்றாள் முதலாளியம்மா. மறுநாள் மேசைக்கு ஓர் ஆண் வந்தான். பொத்தான் பிரித்து எண்ணும் வேலை அவளுக்குக் கிடைத்தது. அதற்கு இடது கை போதும்.

நாள் முழுக்கத் திறந்து வைத்ததில் லாபம் வரவில்லை என்று ஓட்டல்காரர்கள் பிற்பாடு கண்டுபிடித்தார்கள். மதியத்தில் பழையபடி சமையலறையைச் சாத்தினார்கள். முதல் நாளே அவன் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தான். அவள் முன்னால் உட்கார்ந்து, மடங்கிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சுட்டுவிரலைப் பிடித்தான்.

"இனிமே நீட்டிப் பிரயோஜனம் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு?"

அவன் விரலை விடவில்லை, நீட்டவும் இல்லை. அவள் கையை மெல்ல உருவிக்கொண்டு, சுவரில் சாய்த்திருந்த பாயை இடது கையால் விரித்தாள்.

"படுங்க. சாயங்காலம் போகணும்ல."