அன்று காணாமல் போன உள்ளூர்ப் பக்கம்

சில வருடங்களுக்கு முன், மழைக்காலம் முடிகிற நேரத்தில் நடந்தது இது. அப்போது நான் பூந்தமல்லிப் பக்கம் ஒரு சின்னக் கிளை நூலகத்தில் நூலகராக இருந்தேன். தொகுப்பூதிய வேலை. செல்வாக்கு உள்ளவர் யாராவது மேலிடத்துக்கு ஒரு போன் போட்டால், மறுநாள் நான் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

எங்கள் நூலகத்தில் புத்தகம் எடுக்க வருகிறவர்களைவிடப் பேப்பர் படிக்க வருகிறவர்கள் அதிகம். கதவைத் திறந்ததும் பேப்பரைப் பிரித்து ஆளுக்கொரு தாளாக உருவிக்கொள்வார்கள். விளையாட்டு ஒருவரிடம், சினிமா ஒருவரிடம், வேலைவாய்ப்பு ஒருவரிடம். முடித்ததும் மாற்றிக்கொள்வார்கள். சாயங்காலம் அந்தத் தாள்களைப் பொறுக்கி வரிசையாக அடுக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். தாளைப் பிரிக்காதீர்கள் என்று தினமும் கத்துவேன். ஒருவரும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அன்று காலை நான் பூட்டைத் திறக்கும்போதே வாசலில் ஒரு பெண் நின்றிருந்தார். பக்கத்துத் தெருவில் ஜாக்கெட் தைக்கிறவர். அதுவரை எங்கள் படி ஏறியதில்லை. "மேடம், இன்னிக்குப் பேப்பர் கீதா? எந்தக் கடையிலயும் இல்ல" என்றார். குரலே சரியில்லை.

விஷயம் எனக்கும் அரைகுறையாகத் தெரியும். அவருடைய மகளுக்கு மஞ்சள்காமாலை வந்து, அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தாள். குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலக்கிறது, யாரும் குடிக்காதீர்கள் என்று இவர் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்பிவிட்டார். அது ஊரெல்லாம் சுற்றியது. உடனே வார்டுப் பிரமுகர் ஒருவர், இந்தப் பெண் வதந்தி பரப்புகிறார் என்று போலீசில் புகார் கொடுத்துவிட்டார். அன்று மதியம் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். "நான் சொன்னது பொய்யின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா உட்டுருவாங்களாம். இல்லன்னா கேசாம் மேடம்" என்றார்.

அந்தத் தண்ணீரைப் பற்றி அன்றைய பேப்பரில் செய்தி வந்திருப்பதாக யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். பிரித்துப் பார்த்தால், உள்ளூர்ப் பக்கத்தில் இருந்தது. பரிசோதித்ததில் கழிவுநீர் கலந்திருப்பது உறுதியானதாகவும், சரிசெய்யும்வரை குடிக்க வேண்டாம் என்றும் ஓர் அதிகாரியே சொல்லியிருந்தார். போனில் எதைக் காட்டினாலும் அதுவும் வதந்தி என்பார்கள். அச்சில் வந்ததை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. அதனால்தான் சுற்றுவட்டாரக் கடைகளில் அந்தப் பேப்பரை யாரோ காலையிலேயே மொத்தமாக வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். நூலகத்துப் பேப்பரை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

அந்தத் தாளை எடுத்து அவரிடம் கொடுத்தேன். தலைப்பைப் பார்த்ததுமே அவர் கண் கலங்கிவிட்டது. அதற்குள் வழக்கமான வாசகர்களும் வந்து ஆளுக்கொரு தாளோடு உட்கார்ந்துவிட்டார்கள். அப்போதுதான் அந்தப் பிரமுகரோடு எப்போதும் சுற்றுகிற ஆள் உள்ளே வந்தார்.

"மேடம், இன்னிக்குப் பேப்பர குடுங்க. அண்ணன் கேக்கறாரு."

என் வாய் எப்போதும் என்னைவிடத் தைரியமானது. செய்தித்தாள் வெளியே போகாது, வேண்டுமானால் இங்கேயே உட்கார்ந்து படியுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். "செரி மேடம். இங்கியே குந்திகினு படிக்கறேன். நீங்க மூடற வரிக்கும்."

விதிப்படி அவரும் வாசகர்தானே! அவர் மேசை மேசையாகப் போய், "அண்ணாத்தே, அத்த குடு" என்று ஒவ்வொரு தாளாக வாங்கினார். எதற்கு வம்பு என்று எல்லாரும் கொடுத்தார்கள். நான் திரும்பிப் பார்க்கும்போது அந்தப் பெண்ணின் கையில் ஒன்றும் இல்லை. பக்கத்து நாற்காலியில், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், என்றும் இல்லாத விறைப்போடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் தொடைக்கு அடியில் தாளின் ஒரு முனை எட்டிப் பார்த்தது.

வந்தவர் தாள்களைப் புரட்டினார். "ஒண்ணு கொறையுதே" என்றார். அவர் கண் சுற்றிச் சுற்றி வந்து அந்த முனையில் நின்றது. என் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். "பாப்பா எப்டி கீது?"

"சோறு எறங்கவே மாட்டுது அண்ணே."

தலையை ஆட்டிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போனை எடுத்து, "அண்ணே, பேப்பர் மொத்தமும் என் கைலதான் கீது. ஒருத்தனும் படிக்க முடியாது" என்றார். போனை வைத்ததும் என் பக்கம் திரும்பாமலேயே, "எங்க ஊட்டுக் கொயாய்லயும் அந்தத் தண்ணிதான் மேடம் வருது" என்று சொல்லி, விளையாட்டுப் பக்கத்தை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

பெரியவரை எழுப்பித் தாளை வாங்கினேன். சற்று முன் நானே நீட்டி முழக்கிய விதியை நானே மீறி, தாளோடு வெளியே போய்ப் பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் எடுத்து, அதில் நூலக முத்திரையையும் குத்திக் கொடுத்தேன். பெரியவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, துணைக்கு நான் போகிறேன் என்று அந்தப் பெண்ணோடு கிளம்பினார்.

அன்று மதியம் எனக்கு வேலையே ஓடவில்லை. மூடப்போகிற நேரத்தில் அந்தப் பெண் வந்தார். "எழுதிக் குடுக்கல மேடம்" என்றார். இன்ஸ்பெக்டர் செய்தியைப் படித்துவிட்டு, ஜெராக்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, போய்ப் பிள்ளையைப் பாரும்மா என்று அனுப்பிவிட்டாராம். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

ஆனால் அவர் கிளம்பவில்லை. அந்தப் பக்கத்தை ஒரு தடவை கொடுங்கள் என்றார். காலையில் இருந்த பதற்றத்தில் தலைப்பைத் தவிர எதையும் படிக்கவில்லை போலிருக்கிறது. விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். பல மாதங்களாகவே அந்தத் தெருவில் கழிவுநீர் கலந்திருக்கிறது என்ற வரியில் விரல் நின்றது. பொலபொலவென்று அழத் தொடங்கிவிட்டார்.

"எங்க மாமியா, பாப்பாவோட அப்பா, எல்லாரும் நான் சமைச்சதுலதான் புள்ளைக்கு வந்துச்சுன்னாங்க மேடம். நான் வெளிய தண்ணி தண்ணின்னு சொன்னேனே தவிர, உள்ளுக்குள்ள எனுக்கே என் மேலதான் சந்தேகமா இருந்துச்சு."

நான் எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இவர் போலீசுக்குக் காட்ட மட்டும்தான் பேப்பரைத் தேடி வந்தார் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

இப்போது வேறு கிளையில் இருக்கிறேன். எந்தச் செய்தியை வெளியே விடலாம், எதை விடக்கூடாது என்று டிவியில் பெரிய பெரிய ஆட்கள் வாதாடுவதைக் கேட்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் விரல்தான் என் கண்ணில் தெரிகிறது. எந்த வரிக்காக எந்த வீட்டில் யார் தவித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாதபோது, அதில் ஒரு வரியை எடுத்து ஒளித்துவைக்க யாருக்கு என்ன உரிமை இருக்கிறது?