எட்டாவது கொட்டகையின் சாவி

மல்லசமுத்திரம் பக்கத்துக் கோழிப்பண்ணையில் எட்டுக் கொட்டகைகளின் மின்விசிறிகளும் தானாக ஓட நான்தான் கருவி பொருத்தினேன். கடைசிக் கொட்டகையில் மட்டும் யாரோ கையால் சுவிட்சைப் போடுவது பதிவாகிக்கொண்டே இருந்தது. அங்கே வேலை பார்க்கும் பழனியம்மாள்தான் கருவியைக் கெடுக்கிறார் என்று சந்தேகப்பட்டு, சுவிட்ச் பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

உச்சி வெயிலில் அவர் ஓடிவந்தார்.

"சாவியக் குடுங்க சாமி! கோழியெல்லாம் வாயத் தொறந்து மூச்சு வாங்குது. உங்க மிசினுக்கு எப்பவும் லேட்டாத்தானுங்க தெரியுது."

என் கைபேசியில் வெப்பம் சரியாகவே இருந்தது. உள்ளே போனால் அனலடித்தது. கொட்டகைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் தகவல் அனுப்பும். எட்டாவதன் முறை வருவதற்குள் சூடு ஏறிவிடுகிறது; கைபேசியில் இருந்தது முந்தைய சுற்றின் வெப்பம். விசிறி ஓடும் கணக்கையும் தகவல் வரும் வரிசையையும், ஒன்று தாமதித்தால் மற்றதும் தாமதிக்கும் என்று யோசிக்காமல், தனித்தனியே வடிவமைத்தவன் நான்.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, சாவியைக் கொடுத்தேன். பிறகு இரண்டையும் சேர்த்தே திருத்தி, சூடேறும் கொட்டகையே முதலில் தகவல் அனுப்பும்படி செய்தேன்.

சாவியை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை.