அத்தை மாற்றிவைத்த விசைகள்

எங்கள் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, பூந்தமல்லியில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் வேலை செய்தாள். காட்டுப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பழைய பாகங்களைச் சேர்த்து ஒரு கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்ததும் அவள்தான். அதில் கார் பந்தய விளையாட்டு மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஓடும். அதனால் வரும்போதெல்லாம் பென் டிரைவில் ஏதாவது சின்ன மென்பொருளைக் கொண்டுவருவாள். ஒன்று, கம்ப்யூட்டர் பெட்டி எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று திரையின் மூலையில் காட்டும். இன்னொன்று, திடீரென்று கரண்ட் போனாலும் நான் தாண்டிய கட்டங்களை நகலெடுத்துப் பத்திரமாக வைத்திருக்கும். கேம் ஆடுகிறவர்களுக்காக முகம் தெரியாத யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்தவை. என்னைப் பொறுத்தவரை எல்லாம் அத்தை செய்தவை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அப்பாவும் ஆளுக்கொரு முறை காரை ஓட்டி, யார் சீக்கிரம் முடிக்கிறோம் என்று பார்ப்போம். நான் ஐந்தாவது படித்த வருடம் அது நின்றுபோயிற்று. அம்பத்தூரில் அவர் வேலை செய்த பட்டறையில் பிரஸ் மெஷினில் மாட்டி, வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் கையைத் துண்டால் மூடி மடியில் வைத்தபடி கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். பட்டறை ஸ்டோரில் சரக்கு விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை தருவதாக முதலாளி சொல்லியனுப்பினார். அப்பா போகவில்லை. நான் விளையாடக் கூப்பிட்டாலும், "நீ ஆடு பாப்பா" என்று திரும்பிக்கொள்வார். தோற்கடிக்க ஆள் இல்லையே என்பதுதான் அப்போது எனக்கிருந்த பெரிய கவலை.

ஒரு ஞாயிறு காலையில் அத்தை வந்தாள். அரை மணி நேரம் என்று கம்ப்யூட்டரைக் கேட்டவள் மதியம் வரை எழுந்திருக்கவில்லை. வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, இடது கையால் மட்டும் காரை ஓட்டினாள். சுவரில் மோதுவாள், நிறுத்தி எதையோ மாற்றுவாள், மறுபடி போய் மோதுவாள். கீபோர்டில் ஒரு விசையைத் தட்டினால் வேறொன்றைத் தட்டியதாகக் கம்ப்யூட்டரை நம்பவைக்கும் சின்ன மென்பொருளைத்தான் அன்று கொண்டுவந்திருந்தாள். இரண்டு கைக்குமாகப் பரவியிருந்த விசைகளெல்லாம் இடது கைப் பக்கம் வந்து சேர்ந்தன. ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடிக்கவும் வேண்டாம், ஒரு தட்டு போதும்.

"போய் நைனாவ இட்டுகினு வா," என்றாள் என்னிடம்.

அப்பா கட்டிலைவிட்டு அசையவில்லை. "ஒத்தக் கைல இன்னாத்த ஓட்றது? போம்மா."

"நானும் ஒத்தக் கைலதான் காலைலேர்ந்து ஓட்டிகினு கீறேன். வந்து குந்துண்ணா."

தங்கையின் வாய்க்குப் பயந்துதான் வந்து உட்கார்ந்தார். முதல் முறை இரண்டாவது வளைவிலேயே மோதினார். அடுத்த முறையும் அதே இடம். என்ன இருந்தாலும் மெஷின் ஓட்டிய ஆள் அல்லவா. "பிரேக்கு கட்ட வெரலாண்ட வரணும். சுண்டு வெரலுக்கு எட்டல," என்றார். அத்தை மாற்றினாள். "கியரு இன்னும் கொஞ்சம் இந்தாண்ட." அதையும் மாற்றினாள். ஐந்தாவது முறை என்னைவிட இரண்டு விநாடி முன்னால் முடித்துவிட்டார்.

"அழுகுணி ஆட்டம். அத்தை சாஃப்ட்வேர் போட்டு ஜெயிக்க வெச்சிட்டாங்க," என்று நான் அழ ஆரம்பித்தேன்.

"ஓட்னது யாரு? டைம பாரு," என்று அப்பா திரையைக் காட்டினார். வலது கையால் காட்டினார். துண்டு நழுவித் தரையில் கிடந்தது. நான் டைமை மட்டும் பார்த்தேன். அத்தை குனிந்து கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் அப்பா ஸ்டோர் வேலைக்குப் போனார். முதல் நாள் அத்தையும் கூடப் போய், முதலாளியிடம் கேட்டு அங்கிருந்த கம்ப்யூட்டரிலும் அதே மென்பொருளைப் போட்டு, அவர் கைக்குத் தகுந்தபடி மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள். என் கேமைக் கெடுத்தவள் என்று நான் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. நன்றி சொல்ல எனக்குப் பத்து வருடம் ஆயிற்று. "எதுக்குடி?" என்று கேட்டாள், நிஜமாகவே நினைவில்லாமல்.

நான் தோற்ற அந்த ஞாயிறு மதியம் சோறு ஆறிக்கொண்டிருந்தது. கண் கெட்டுவிடும் என்று தினமும் வந்து கம்ப்யூட்டரை அணைக்கிற அம்மா, சமையலறை வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இன்னொரு வாட்டி ஓட்டுங்க," என்றாள்.

நான் தோற்றதில் அம்மாவுக்கும் வருத்தம், அதனால்தான் எனக்காகக் கேட்கிறாள் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன்.